தலைக்கு மேலே போகிறதே, சார்!

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்)

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முதல் வருடம் படிக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் துறை செமினாரில் ஒரு மணி நேரம் பேசினார். பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒரு வரி கூடப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா?
– மாணவி, அம்மாபேட்டை

பதில்: பத்து நிமிடம் புரிந்ததா? பரவாயில்லையே! என் முதல் செமினாரில் எனக்குப் புரிந்தது பேச்சாளரின் பெயர் மட்டும்தான். தலையாட்டுவதை நம்பாதீர்கள். நானும் நன்றாக ஆட்டுவேன்.

நெசவுப் பகுதியான அம்மாபேட்டைக்காரருக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வகுப்பில் காட்டுவது கடையில் மடித்து வைத்த சேலை. செமினாரில் காட்டுவது இன்னும் தறியில் கிடக்கிற சேலை. இழை அறுந்திருக்கும், முடிச்சு தெரியும், முந்தானை எப்படி வரும் என்று நெய்கிறவருக்கே சந்தேகம் இருக்கும். ஒரு மணி நேரத்தில் முழுச் சேலையையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒரு வரையறை, ஓர் உதாரணம், இரண்டை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

எனக்கு 'மாடுலர் ஃபார்ம்' (மிகுந்த சமச்சீர் கொண்ட ஒருவகைச் சார்பு) என்ற சொல் மூன்று செமினாரில் காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. நாலாவதில் பேச்சாளர் ஓரமாக 1, −24, 252, −1472, 4830, −6048 என்று எழுதினார். ராமானுஜன் 1916-இல் எழுதிய டௌ எண்கள், ஒரு மாடுலர் ஃபார்மைத் தொடராக விரித்தால் வருகிற கெழுக்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கிப் பாருங்கள்: ஆறாவது வருகிறது! இப்படித்தான் எப்போதும் நடக்கும் என்று ராமானுஜன் ஊகித்தார் (இரண்டு இட எண்களுக்கும் 1-ஐத் தவிர பொது வகுத்தி இருக்கக்கூடாது). அடுத்த வருடமே மார்டெல் என்ற கணிதவியலாளர் நிரூபித்தார். அன்றைக்கு மீதி ஐம்பது நிமிடம் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: செமினாரில் தூங்கினால் மரியாதைக் குறைவா?
– மாணவர், ஏற்காடு

பதில்: குறட்டை விடாதவரை இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவருக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குக் கண் சொருகத்தான் செய்யும். முன் வரிசை மட்டும் வேண்டாம்.

கேள்வி: என் மகன் சென்னையில் கணிதத்தில் பிஎச்.டி. செய்கிறான். செமினார் என்று போய் டீ குடிப்பதுதான் பாதி வேலை என்கிறான். இதற்கா உதவித்தொகை கொடுக்கிறார்கள்?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: அந்தப் பாதியைக் குறைத்துவிடச் சொல்லாதீர்கள், அம்மா.

1972. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் மாலை டீ நேரம். மாண்ட்கோமரி என்ற இளைஞர் வந்திருந்தார். பகா எண்களின் ரகசியம் எல்லாம் ரீமனின் சீட்டா சார்பு பூச்சியமாகும் இடங்களில் இருக்கிறது. அந்த இடங்களுக்கு நடுவே இடைவெளி எப்படி அமைகிறது என்று ஒரு சூத்திரம் அவர் கையில் இருந்தது. எண் கோட்பாட்டு மேதை சாவ்லா, நம் நாட்டுக்காரர், 'டைசனிடம் பேசினாயா?' என்றார். இயற்பியல்காரரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இவர் தயங்கினார். சாவ்லா விடவில்லை, இழுத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைத்தார். சூத்திரத்தைக் கேட்டதுமே டைசன் அடையாளம் கண்டுகொண்டார். யுரேனியம் போன்ற கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளைப் புரிந்துகொள்ள இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் சமவாய்ப்பு அணிகள் (எண்களைத் தற்செயலாக நிரப்பிய கட்டங்கள்) இருக்கிறதே, அங்கே வருவதும் இதே சூத்திரம். பகா எண்ணுக்கும் அணுக்கருவுக்கும் என்ன உறவு என்று இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கரும்பலகைக்கு முன்னால் இது நடந்திருக்காது. எண் கோட்பாட்டு செமினாருக்கு டைசன் ஏன் வருகிறார்? கூடவே நம்மூர் தட்டுவடை செட்டும் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். செமினாரில் கேள்வி கேட்கக் கை தூக்கவே பயம். முட்டாள்தனமாக இருந்துவிட்டால்?
– விரிவுரையாளர், ஆத்தூர்

பதில்: இருபத்தாறு வயதில் ஓர் ஊரில் என் சொந்தத் தேற்றத்தைப் பற்றிப் பேசினேன். பலகை நிறைய அணிகள். கடைசி வரிசைப் பெரியவர் ஒருவர் ரொம்ப மெதுவாக, 'தம்பி, n ஒன்று ஆனால் என்ன ஆகும்?' என்றார். போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரியில் n−1-ஆல் வகுத்திருந்தேன். பூச்சியம்! சரி, n இரண்டிலிருந்து என்று வைத்துக்கொள்வோம் என்று சமாளித்தால், தொகுத்தறிதலையே (முதல் எண்ணுக்கு நிரூபித்து, அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறுகிற முறை) n=1-இல்தான் தொடங்கியிருந்தேன். அஸ்திவாரம் போச்சு. சாக்பீஸ் கையிலேயே உடைந்தது. அந்தப் பெரியவர் கேட்டது பிளஸ் டூ பையன் கேட்கக்கூடிய கேள்வி. நீங்களும் அதையே கேட்கலாம்: சின்ன உதாரணம் ஒன்று சொல்லுங்கள், n=1 என்ன ஆகும். அவ்வளவு போதும்.

கேள்வி: இதெல்லாம் சென்னை, பெங்களூருவில்தானா? நம் பக்கம் நடத்த வழியில்லையா?
– ஆசிரியர், ஓமலூர்

பதில்: தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம் எங்கே முளைத்தது தெரியுமா? மயிலாப்பூரில், இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் வீட்டில். பிரின்ஸ்டனில் பார்த்த செமினார்கள் மனதில் தங்கிவிட, ஊர் திரும்பியதும் தன் வீட்டிலேயே மாணவர்களை உட்காரவைத்து இயற்பியல் செமினார் நடத்தினார். 1960-இல் வந்த டென்மார்க் இயற்பியல் மேதை நீல்ஸ் போர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து அசந்துபோனார். அமைச்சர் சி. சுப்பிரமணியம் ஆதரவு கொடுத்தார். 1962 ஜனவரி 3-இல் நிறுவனம் பிறந்தது.

எங்கள் வீட்டுத் திண்ணையிலும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் உட்காருகிறோம். ஆறு மாதமாகக் குலக்கோட்பாடு (குரூப் தியரி) ஓடுகிறது. போன வாரம் கரண்ட் போய், ஒரு துணைத்தேற்றம் பாதியில் நிற்கிறது. ஓமலூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடலாம். வரும்போது ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வாருங்கள், இங்கே தீர்ந்துவிட்டது.