பள்ளி நூலகச் செயல்பாடுகள் மூலம் மாணவர்களை வாசிக்க வைப்பது எப்படி?

இப்படிக் கேட்டாலே பலர் போட்டி, பரிசு என்று ஆரம்பித்துவிடுவார்கள். பள்ளி நூலகப் பொறுப்பைப் பார்க்கிற ஆசிரியனாகச் சொல்கிறேன்: அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் வேலை, பீரோவைத் திறந்து வைப்பது.

கிண்டல் இல்லை. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னாலேயே கிடக்கும் பள்ளிகள் உண்டு. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-ல் நூலாகத் தந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார். பிள்ளைகள் தாங்களே எடுத்துப் புரட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்ப வைக்கவும் விட வேண்டும். முதுகு மட்டும் தெரிய நெருக்கி அடுக்காமல், கொஞ்சம் புத்தகங்களையாவது அட்டை தெரிய நிறுத்தி, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளைகள் அட்டையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் (பெரியவர்களும்தான், ஒத்துக்கொள்ள மாட்டோம்).

செயல்பாடுகளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது புத்தக அறிமுகம். நூலகப் பாடவேளையில் முதல் ஐந்து நிமிடம் போதும். கதையில் யார், என்ன சிக்கல் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு, விறுவிறுப்பான ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். கிணற்றுக்குள் இறங்கியவன் அண்ணாந்து பார்க்கிறான், மேலே யாரோ கயிற்றை அவிழ்க்கிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிடுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று எத்தனை பேர் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. மணி அடிப்பதற்குள் அந்தப் புத்தகத்துக்குச் சண்டையே வரும். கொஞ்ச நாளில் மாணவர்களையே அறிமுகம் செய்யச் சொல்லலாம். ஆசிரியர் சொல்வதைவிடப் பக்கத்து பெஞ்சுக்காரன் சொல்வதற்கு மதிப்பு அதிகம். முடிவில் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அதுவும் பாடம் ஆகிவிடும்.

அமைதி வாசிப்பு நேரமும் நல்லதுதான், ஆசிரியரும் கூட உட்கார்ந்து படித்தால். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குச் சேதி புரிந்துவிடும்.

தடுமாறிப் படிக்கிற பெரிய வகுப்பு மாணவர்கள்தான் உண்மையான சவால். அவர்களுக்கு ஏற்றது பெரிய எழுத்துப் படக்கதை. அதை எடுத்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று நூலகம் பக்கமே வர மாட்டார்கள். நான் செய்வது இது: ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பை அவர்களிடம் கொடுப்பேன். இப்போது படக்கதை எடுக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் முன்னால் தடுமாறக் கூடாதே என்று வீட்டில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டு வருவார்கள். சொல்லிக்கொடுத்து வராத சரளம் இதில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பரிசுக்கு வருவோம். 1973-ல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு ஓய்வு நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று அறிவித்துப் பாருங்கள், அலமாரியில் ஒல்லியான புத்தகங்கள்தான் முதலில் காலியாகும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அடுத்து வாங்கப்போகும் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பரிசாகக் கொடுங்கள்.

இன்னொன்று, இரவல் பதிவேடு. மாதம் ஒருமுறை அதில் யார் பெயர் இல்லை என்று பாருங்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று விசாரிக்காமல், பாம்பா, பேயா, பைக்கா, கிரிக்கெட்டா, எது பிடிக்கும் என்று கேளுங்கள். இரண்டே இரண்டு புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போங்கள். பத்து வைத்தால் மிரண்டுவிடும்.