சரூத்தின் கதை – கடிதம்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பையன்களுக்கு வார இறுதியில் காற்பந்து பழக்கிவிடுகிறேன். சிரியாவின் கோல்கீப்பர் சரூத் பற்றி நீங்கள் எழுதியதை அவர்களிடம் சொன்னேன். மறுநாள் ஒரு பையனின் அப்பா வந்து, "துப்பாக்கி தூக்கினவன் கதை எதுக்கு சார்? நம்ம மலேசியா கோல்கீப்பர் ஆறுமுகம் கதையைச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டார். சரூத் வீரனா, தீவிரவாதியா என்று பையன்களும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. 1948 ஜூன் 16 அன்று உங்கள் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் பிரிட்டிஷ் அரசின் அவசரகாலம் வந்தது. அடுத்த ஆண்டு மே 4 அன்று தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கில் போட்டார்கள். அவர்மேல் சாட்டிய குற்றம், கைத்துப்பாக்கி வைத்திருந்தது. அந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர் துப்பாக்கி என்றதும் பதறத்தான் செய்வார்.

ஆனாலும் சொல்லுங்கள். முழுதாகச் சொல்லுங்கள்.

அப்துல் பாசித் அல்-சரூத் ஹோம்ஸ் நகரத்துப் பையன். அவர் ஆடிய அல்-கராமா, 2006இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம்வரை போன கிளப். சிரியாவின் இளையோர் அணிக்கும் அவர்தான் கோல் காத்தார். 2011இல் அன்றைய அதிபர் அசாத்தின் ஆட்சியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது அவருக்கு வயது 19. ஏப்ரலில் ஹோம்ஸ் மணிக்கூண்டுச் சதுக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்த கூட்டத்தை அரசுப் படை சுட்டது. அதற்குப் பிறகும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். யாராவது தோளில் தூக்கிக்கொள்ள, அவர் ஒரு வரி பாடுவார், கூட்டம் திருப்பிப் பாடும். பக்கத்தில் நின்று கோஷம் போட்டவர் நடிகை ஃபத்வா சுலைமான், அசாத்தின் அதே அலவி என்ற சிறுபான்மைச் சமூகத்துப் பெண். சுன்னி இளைஞனும் அலவிப் பெண்ணும் தோளோடு தோள் நின்றதைக் கட்டாயம் சொல்லுங்கள். எதற்கெடுத்தாலும் இனம் கேட்கும் நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அதன் அருமை உடனே விளங்கும்.

அப்புறம் ஊர்மேல் குண்டு விழுந்தது, துப்பாக்கி எடுத்தார், ஒரு படைக்குத் தலைவரானார். அரசுப் படையின் ஏறக்குறைய இரண்டு வருட முற்றுகை. உள்ளே சாப்பாடு இல்லை. 2014 ஜனவரியில் மாவு ஆலைப் பக்கம் போக முற்றுகையை உடைக்கப் பார்த்து, அவருடைய ஆட்கள் பலர் செத்தார்கள். ஒரு மூட்டை மாவுக்காக! அந்தப் போரில் அவர் தகப்பனையும் நான்கு சகோதரர்களையும் இழந்தார். மே மாதம், மிஞ்சியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள்.

பிறகு வருவதையும் மறைக்காதீர்கள். அவர் ஐ.எஸ். என்ற தீவிரவாத அமைப்பின் பக்கம் சாய்ந்ததாகச் செய்தி வந்தது. சேரும் எண்ணம் இருந்தது, சேரவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். பசியும் சாவும் ஒரு மனிதனை அந்த வாசல்வரை தள்ளும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அது தப்பான வாசல். அந்த அமைப்பின் கையில் சிக்கியிருந்தால் அலவிப் பெண்ணான ஃபத்வா உயிரோடு திரும்பியிருக்க மாட்டார். எனக்கு அதுதான் அளவுகோல். 2019 ஜூன் 8 அன்று, ஹமாவின் வடக்கே சண்டையில் பட்ட காயத்தால், 27 வயதில் சரூத் இறந்தார். பையன்கள் கேட்ட இரண்டு பட்டத்தில் எதையும் நான் அவருக்குக் கொடுக்க மாட்டேன். 2011இல் பாடியவரை நேசிக்கிறேன்.

ஆறுமுகம் கதையையும் சொல்லுங்கள், அதிலும் போர் இருக்கிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற நம் அணி, சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் போகவே இல்லை.

சின்னப் பையன்களுக்கு இப்போது வேண்டாம், பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த அப்பாவையும் அன்று திடலுக்குக் கூப்பிடுங்கள். கணபதியைப் பற்றி அவர் வீட்டில் பெரியவர்கள் பேசியது ஏதாவது நினைவிருந்தால், பையன்களிடம் அவரே சொல்லட்டும்.