படகுக்குப் பட்டம் வாங்கலாமா?

கேள்வி: 28 அடி பைபர் போட் வைத்திருக்கிறேன். அண்ணனும் நானும்தான் தொழிலுக்குப் போகிறோம். டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை. கடலில் பலகைமேல் நின்று விளையாடுவார்களே, அந்தப் பட்டம், 12 சதுர மீட்டர், பழசு. புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் 40,000 ரூபாய்க்குத் தருகிறார். படகில் கட்டினால் டீசல் பாதி மிச்சம் என்கிறார். வாங்கலாமா?
(வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: டீசலுக்காக என்றால் வேண்டாம்.

பட்டம் படகை இழுக்கும், அது உண்மைதான். 2008 ஜனவரியில் பெலூகா ஸ்கைசெயில்ஸ் என்ற 132 மீட்டர் சரக்குக் கப்பல், 160 சதுர மீட்டர் பட்டத்தோடு ஜெர்மனியிலிருந்து வெனிசுவேலாவுக்குப் புறப்பட்டது. அங்கே பட்டம் நூறு மீட்டருக்கு மேலே, காற்று பலமாக இருக்கும் உயரத்தில், கணினி ஓட்ட, எட்டு வடிவில் சுற்றியது. உங்களுக்குக் கிடைப்பது இருபது முப்பது மீட்டர் கயிறு. ஒருவர் அதைப் பிடித்தால் சுக்கானும் வலையும் மற்றவர் தலையில்.

அப்புறம் காற்றுக் கணக்கைப் பாருங்கள். காற்று 20 கிலோமீட்டர் வேகம். அதே திசையில் எஞ்சின் போட்டு 12-ல் போகிறீர்கள். பட்டத்துக்குக் கிடைப்பது வெறும் 8 கிலோமீட்டர் காற்று. காற்று வேகம் பாதியானால் இழுவை கால் பங்காகிவிடும் என்பதால், நின்ற படகில் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தக் காற்றில் இந்தப் பட்டம் மேலே நிற்பதே கஷ்டம். கடலில் விழுந்தால் கயிறு நேராகப் புரொபெல்லரில் சுற்றும்.

எஞ்சின் பழுதானால் உதவுமே என்று நினைக்கலாம். விடியலில் கரைக்காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று, இது நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கரைக்காற்றில் பட்டத்தை விட்டால் இன்னும் ஆழத்துக்குத்தான் கொண்டுபோகும். காற்றை எதிர்த்து ஏற அடியில் ஆழமான பலகை வேண்டும், பைபர் போட்டில் அது கிடையாது. அவசரத்துக்கு ஒரு மூங்கிலும் தார்ப்பாயும் படகில் போட்டு வையுங்கள். கட்டுமரத்தில் பாய் விரித்த பெரியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், ஒருநாள் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். டீசலுக்கு, படகின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி, நெளிந்த புரொபெல்லரைச் சரிசெய்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினாலே வித்தியாசம் தெரியும்.

சரி, ஆசைக்காகவாவது வாங்குவேன் என்றால் கரையிலேயே சோதியுங்கள். துணியில் வாயை அழுத்தி வைத்துக் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். காற்று சுலபமாக வந்தால் மேற்பூச்சு போய்விட்டது, அந்தத் துணி இனி உதவாது. தையல் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கயிறுகளை ஒரே ஆணியில் மாட்டி இழுத்தால் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். முக்கியமானது அவசர விடுவிப்பு, அதாவது ஆபத்தில் பட்டத்தைச் சட்டென்று கழற்றிவிடும் பிடி. அண்ணன் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கட்டும், நீங்கள் ஒரு கையால் இழுங்கள். சட்டென்று விடுபடாவிட்டால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். இழுவையில் இருக்கும் கயிறு விரலைத் துண்டித்துவிடும்.

பணம் கொடுக்குமுன் "டீசல் பாதி மிச்சம்" என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதித் தரச் சொல்லுங்கள், பில்லும் வாங்குங்கள். நீங்களே உழைத்துப் பிழைக்க வாங்கும் பொருள் என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்களும் நுகர்வோர்தான். ஏமாந்தால் 1915-க்கு அழைக்கலாம், கடை புதுச்சேரியில் இருந்தாலும் வழக்கைக் கடலூரிலேயே போடலாம்.