300-க்கு மாறும் முன் கடைசி அறையைப் பாருங்கள்

கேள்வி: மகளிர் விடுதி நடத்துகிறேன். இருபது பேர், ஒரே ரவுட்டர், 100 எம்பிபிஎஸ் ஃபைபர். இரவு எட்டு மணிக்கு மேல் ரவுட்டருக்குப் பக்கத்து அறையிலேயே வீடியோ சுற்றிக்கொண்டு நிற்கிறது. 300 பிளானுக்கு மாறலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இன்று இரவு அதே நேரத்தில் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். எண்பது, தொண்ணூறு வந்தால் இணைப்பில் குறை இல்லை, நெரிசல் வைஃபையில்தான். 300 வாங்கினாலும் அதே கதைதான்.

ஒரு சேனலில், அதாவது வைஃபை இயங்கும் ஓர் அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பல ரவுட்டர்கள் பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) கணக்கில் முறை வைக்கின்றன: ஆளுக்கு ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி அறைப் போன், சிக்னல் குறைந்து 6 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கும். 1500 பைட் பாக்கெட் ஒன்று அதற்குப் போய்ச் சேர 2 மில்லிசெகண்ட் ஆகும். 54-இல் இருக்கும் பக்கத்து அறைக்கு 0.22 போதும். மாற்றி மாற்றி அனுப்பினால் இருவருக்கும் கிடைப்பது சுமார் 5.4 எம்பிபிஎஸ்தான். பாக்கெட்டை விட்டு நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் பக்கத்து அறைக்கு 27, கடைசி அறைக்கு 3. (இதர தாமதங்களைச் சேர்க்காத கணக்கு. நடப்பில் எல்லாமே இன்னும் குறையும்.)

இப்படி நேரத்தைப் பிரிக்கும் வசதிக்கு ஏர்டைம் ஃபேர்னஸ் என்று பெயர். ரவுட்டரின் அட்வான்ஸ்டு வயர்லெஸ் பக்கத்தில் இருந்தால் ஆன் செய்யுங்கள். ஆனால் இது பெரும்பாலும் ரவுட்டரிலிருந்து போன்களுக்கு வரும் தரவைத்தான் கட்டுப்படுத்தும். வீடியோ கால், போட்டோ பேக்கப் என்று போன்கள் அனுப்புவதெல்லாம் தமக்குள் முட்டி மோதித்தான் போகும். வைஃபை 6 என்ற பிந்தைய தலைமுறையில் அதற்கும் ரவுட்டரே முறை வைக்கலாம்; 20 மெகாஹெர்ட்ஸ் சேனலைக் கூறுபோட்டு ஒரே சமயத்தில் ஒன்பது பேருக்குக்கூடக் கொடுக்கலாம். போனும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் பலன், அதனால் ரவுட்டரை மட்டும் மாற்றிவிட்டு அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, கடைசி அறைக்கு 3 எம்பிபிஎஸ் போதுமா? போதாது. அந்தப் பக்கம் கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வையுங்கள். கடைக்காரர் கேபிள் இல்லாமல் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை நீட்டுவார், வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் அதே சேனலில் இரண்டாம் முறை அனுப்பும், இருக்கிற நேரமும் போய்விடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாது. ரவுட்டருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் இவற்றில் வெவ்வேறு சேனலைக் கொடுத்துவிடுங்கள்.