கேப்டன் மார்வெல் நினைவிழக்கும் கதையில் ரசிகர்கள் ஏன் முரண்படுகிறார்கள்?
புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பற்றி நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். 2019இல் வந்த படத்தில், கேப்டன் மார்வெல் என்ற சூப்பர்ஹீரோவான கேரல் டான்வர்ஸுக்குத் தன் பழைய வாழ்க்கையே நினைவில்லை. தன்னையே அறியாதவளோடு எப்படி ஒட்டுவது என்பது ஒரு தரப்பு. மறு தரப்பு காமிக்ஸ் வாசகர்கள்: 1981 காமிக்ஸில், தொட்டே பிறர் சக்தியைப் பறிக்கும் ரோக் என்பவள் அவளுடைய சக்தியையும் நினைவுகளையும் பறித்ததைப் படித்தவர்களுக்கு இந்த வலி பழக்கமானது. நான் இவர்கள் பக்கம்.

என்னை உறுத்துவது படத்தில் வரும் விசாரணைதான். உருமாறும் வேற்றுக்கிரகவாசிகளான ஸ்க்ரல்கள் அவளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நினைவுகளைக் கருவியால் துழாவுகிறார்கள். அப்புறம் அவர்கள் அகதிகள் என்று தெரிந்ததும் நம் கோபம் கரைந்துவிடுகிறது. போரில் தன் கையும் கறைபட்டதுதான் என்று ஸ்க்ரல்களின் தலைவன் டாலோஸ் ஒப்புக்கொள்கிறான், சரி. ஆனால் அவளுக்குச் செய்த கொடுமைக்கு அந்த ஒரு வரி போதவே போதாது.