முட்டையில்லாமல் செத்த கருந்தலைப் புழு: ஒட்டுண்ணி பலன் தரவில்லையா?

கேள்வி: தென்னந்தோப்பில் கீற்றைத் தின்னும் கருந்தலைப் புழுவுக்காக, அந்தப் புழுவின் மேல் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணியான பெத்திலிட் குளவிகளை விட்டோம். கீற்றின் அடியில் இருக்கும் நூலாம்படைக் கூட்டைப் பிரித்தால் சில சிறு புழுக்கள் சுருங்கிச் செத்துக் கிடக்கின்றன. ஆனால் அவற்றின் மேல் குளவியின் முட்டை எதுவும் இல்லை. இனி மருந்து அடித்துவிடலாமா?

பதில்: மருந்துக்கு அவசரப்பட வேண்டாம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் குளவி உண்டு விட்டுப்போன மிச்சம். கோனியோசஸ் நெபாண்டிடிஸ் எனப்படும் இந்த இனத்தின் பெண் குளவி, தன் ஆயுளுக்கு வேண்டிய முட்டைகள் அனைத்தையும் முதிர்ந்த நிலையில் சுமந்துகொண்டு வெளிவருவதில்லை. அவை சிறிது சிறிதாகவே முதிர்கின்றன, அதற்கு வேண்டிய புரதத்தைப் புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கி அதன் உடற்சாற்றைக் குடித்தே அது பெறுகிறது.

ஆகவே எதிர்ப்படும் ஒவ்வொரு புழுவும் தனக்கு உணவா, குஞ்சுகளுக்கு இருப்பிடமா என்று குளவி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வயிற்றில் முதிர்ந்த முட்டை குறைவாக இருந்தால் உண்ணுவதும், நிறைய இருந்தால் இடுவதும் இத்தகைய ஒட்டுண்ணிகளிடம் பொதுவாகக் காணப்படும் போக்கு. புழுவின் அளவும் முக்கியம்: சிறு புழு பல குஞ்சுகளை வளர்க்கப் போதாது என்பதால் அது உணவாகிவிடுகிறது, பருத்த புழுவில் அதன் பருமனுக்கேற்பக் கூடுதல் முட்டைகள் இடப்படுகின்றன. இரண்டு முடிவிலும் புழு சாவது உறுதி என்பதால், முட்டையில்லாத சடலத்தையும் ஒட்டுண்ணியின் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். கறுத்துக் குழைந்து நாறும் புழு மட்டும் வேறு. அது நோயில் செத்திருக்கலாம்.

புழுச்சாறு மட்டும் குளவிக்குப் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. எலுமிச்சை வகைகளின் செதில்பூச்சியை அழிக்க 1956-57இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அஃபைட்டிஸ் மெலினஸ் என்ற வேறொரு ஒட்டுண்ணிக் குளவியை ஆராய்ந்தபோது, தேன் கிடைக்காதவை செதில்பூச்சியை உண்டும் சில நாள்களிலேயே மடிந்தன. தேனும் கிடைத்தவற்றுக்குத்தான் செதில்பூச்சி உணவு ஆயுளையும் முட்டை எண்ணிக்கையையும் கூட்டியது. குளவிகளைத் தேன் கொடுத்துப் பிறகு விடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தோப்பில் பூக்கும் செடிகளை முழுவதுமாக அழித்துவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

இப்போது பருத்த புழுக்கள் இருக்கும் கூடுகளாகத் தேர்ந்து சிலவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அசையாத புழுவின் உடலில் வெண்ணிற முட்டைகள் ஒட்டியிருந்தால், அல்லது அதன் அருகே சிறு கறுப்புக் குளவி விலகாமல் நின்றால், அது தன் குஞ்சுகளைக் காக்கும் தாய். அந்தக் கீற்றை அப்படியே விட்டுவிடுங்கள். தோப்பில் இளம்புழுக்களே மிகுந்திருந்தால் அவை சற்றுப் பருத்த பிறகு அடுத்த தொகுதிக் குளவிகளை விடுங்கள். பருத்த புழுக்கள் நிறைய இருந்தும் அவை உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தால்தான் விட்ட குளவிகளின் தரத்தையும் எண்ணிக்கையையும், அண்மையில் அக்கம்பக்கத்தில் யாரும் மருந்து தெளித்தார்களா என்பதையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.