குடியை நிறுத்த ஆதரவுக் குழு உதவுமா? எப்படித் தேடுவது, முதல் நாள் என்ன நடக்கும்?

தினமும் குடிக்கிறேன், நானாகவே நிறுத்த இரண்டு முறை முயன்று முடியவில்லை, குழுவுக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எழுந்து பேசச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடுவார்கள். முதல் மூன்று மீட்டிங்கில் நான் பெயரைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள், சட்டென்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் சிலருக்கு வரும் பாதிப்பு கை நடுக்கம், வியர்வையோடு நிற்காது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, ஆள், இடம் புரியாமல் போய், உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத் தடுக்க மருந்து உண்டு. அப்புறம் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் மாதிரி மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதையும் எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்கும் போகலாம். மாத்திரை போட்டால் அது உண்மையாகக் குடியை விட்டதாகாது என்று குழுவில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது உங்களுக்கும் டாக்டருக்கும் இடையில் உள்ள விஷயம்.

தேடுவது சுலபம்தான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே இடமும் நேரமும் கிடைக்கும், ஆன்லைன் மீட்டிங்கும் உண்டு. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேரத் தகுதி. 'ஓப்பன் மீட்டிங்' என்று போட்டிருந்தால் யாரும் வரலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம். 'க்ளோஸ்டு' என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். குடியிலிருந்து மீள ஏஏ பின்பற்றச் சொல்லும் 12 படிகளில் கடவுள் வருகிறார், அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற இன்னொரு அமைப்பைப் பாருங்கள், அங்கே எண்ணங்களையும் பழக்கத்தையும் அலசிப் பயிற்சி செய்வார்கள். குடிப்பவரின் வீட்டில் இருப்பவர்களுக்கென்று அல்-அனான் என்ற குழு தனியாக இருக்கிறது.

சரி, என் அனுபவம். முதல் நாள் அந்தக் கதவைத் தாண்டி இரண்டு முறை நடந்து போனேன், மூன்றாவது முறைதான் உள்ளே நுழைந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் சொன்னதையும் என்னோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன்: இவருக்கு வேலை போய்விட்டது, எனக்குப் போகவில்லை, அவர் காலையிலேயே குடித்தவர், நான் அப்படி இல்லை. இது நமக்கான இடம் இல்லை என்று முடிவு கட்டித் திரும்பினேன். இரண்டு வாரம் கழித்து வேறு ஒரு குழுவுக்குப் போனேன். அங்கே ஒருவர், பாட்டிலில் தான் குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்ததையும் வீட்டில் யாரும் அளவு பார்க்கிறார்களா என்று பயந்ததையும் சாதாரணமாகச் சொன்னார். நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு குழு பிடிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். நாலைந்து வெவ்வேறு குழுக்களையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆட்கள் மாறினால் குழுவே வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று, எனக்கு உதவியதில் பாதி மீட்டிங் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்ததில்லை, முடிந்த பிறகான பத்து நிமிடத்தில் கிடைத்தது. நாற்காலிகளை எடுத்து வைக்கும்போது அந்த பாட்டில்காரர் தன் நம்பரைக் கொடுத்து, "குடிச்சப்புறம் கூப்பிடாதீங்க, குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க" என்றார். பதினோராவது நாள் சாயங்காலம் கூப்பிட்டேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, "சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். மதியத்திலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் எது இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வார்கள். அன்று எனக்கு நாலுமே இருந்தது. இருபது நிமிடம் பேசினோம், குடிக்க வேண்டும் என்ற அந்த வேகம் அடங்கிவிட்டது.

ஏஏ பிறந்ததே இப்படி ஒரு போன் காலில்தான். 1935-இல், குடியை விட்டிருந்த பில் வில்சன் என்பவர் வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குப் போய், அது தோல்வியடைந்து, ஹோட்டலில் தனியாக நின்றபோது குடிக்கத் தோன்றியிருக்கிறது. பேச இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று அங்கிருந்தே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் குடியை விட முடியாமல் இருந்த டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி வந்த டாக்டர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். அந்த இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஏஏ.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், புதிதாக வருகிறவர்கள் மீட்டிங் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். நீங்கள் கொஞ்சம் இருங்கள். ஒருவரிடமாவது நம்பர் வாங்குங்கள், முடிந்தால் மறுநாளே சும்மா ஒரு முறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள், ஏனென்றால் குடிக்கத் தோன்றும் நேரத்தில் முதல் முறையாக ஒருவரைக் கூப்பிடுவது ரொம்பக் கஷ்டம். இடையில் குடித்துவிட்டால்கூட அடுத்த மீட்டிங்குக்குப் போங்கள். நான்காவது மாதம் நான் குடித்துவிட்டுப் பத்து நாள் வெட்கத்தில் போகாமல் இருந்தேன். திரும்பப் போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள்.